நர்ஸ் கண்ணில் படாத துணிகள்

பெரியவனே,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "அம்மா, ரம்யா ஆபரேஷனே பண்ணிக்கிறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நார்மல்னா ரத்தம் போயி செத்துடுவேன்னு அழுவுறா. அமுதாவுக்கு ஆன மாதிரி தனக்கும் ஆவும்ன்றா. நீ இன்னா சொல்றே?" என்றாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லை. இந்த அறுபது வயதில், நான் பெற்ற பிள்ளைக்கே பயந்து பொய் சொல்லிவிட்டு, அந்த நாற்காலியிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். தபாலை நம்பவில்லை. நம் சுரங்க லைன் வீடுகளிலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாய், பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் பேச்சை மாற்றி மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா என்று போய்விடுவேன். எழுதினால்தான் எனக்குத் தப்பிக்க வழி இல்லை. எட்டாவது வரை படித்தவளின் கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும், கேலி செய்யாமல் படி.

ரம்யாவுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். போன மாதம் அவளுக்கு வளையல் போட்ட அன்று உன் தங்கை அமுதாதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அண்ணி, நார்மல் நார்மல்னு ஆசப்படாதீங்க. அந்த நார்மல்தான் என் கர்ப்பப்பைய எடுத்துச்சு. கேட்டு வாங்கியாச்சும் ஆபரேஷன் பண்ணிக்கோங்க." நான் பக்கத்திலேயே வளையல் தட்டோடு நின்றிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அமுதா பொய் சொல்லவில்லை பெரியவனே. நான் அவளிடம் சொன்ன பொய்யை உண்மை என்று நம்பிச் சொன்னாள். நாலு வருஷமாக நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பது இதுதான்: "புள்ள தலையில வாக்கும் மிஷின் வெச்சு இழுத்தாங்க, அதனாலதான் ரத்தம் நிக்கல." அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மீதியை இப்போது சொல்கிறேன்.

அமுதாவுக்கு முந்தின நாள் காலையிலேயே வலி எடுத்துவிட்டது. நீ பெங்களூரில் வேலையில் இருந்தாய், மாப்பிள்ளை ஓசூரில். சின்ன நர்சிங் ஹோம், உனக்குத் தெரிந்த இடம்தான். வலி வந்து வந்து நின்றுபோனதால் டிரிப்பில் மருந்து ஏற்றினார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிள்ளை பெரியது. கடைசியில் தள்ளுவதற்குத் தெம்பு இல்லாமல் போய், காலை ஒன்பது மணிக்கு வாக்கும் வைத்து எடுத்தார்கள். தையலும் போட்டார்கள். பிள்ளை வீல் என்று அழுதது. டாக்டர் வெளியே வந்து, "நார்மல்தாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. வாக்கும் என்ற வார்த்தையை அங்கேயே விழுங்கிவிட்டேன். வந்தவர் போனவர் எல்லோரிடமும், "நார்மல், நார்மல், கத்தி படல" என்று சொல்லி இனிப்பு கொடுத்தேன். ஏதோ நானே பெற்ற மாதிரி அப்படி ஒரு பெருமை.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளைத் தீட்டு என்று நாம் ஒதுக்குவதில்லை. உன் அப்பாவின் அப்பா பௌத்தத்துக்கு வந்த நாளிலேயே அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். மற்ற வீடுகளில் பதினாறு நாள் எட்டிப் பார்க்கமாட்டார்கள், நம் வீட்டில் பிள்ளை பிறந்த அன்றே லைன் மொத்தமும் வந்து தாயைத் தொட்டுப் பார்த்து வாழ்த்திவிட்டுப் போகும். நல்ல வழக்கம்தான், இப்போதும் நான் அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு நான் செய்ததைக் கேள். பத்து மணியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தீட்டு இல்லை என்று வாயால் சொல்கிறோம், ஆனால் அவர்கள் கண்ணில் ரத்தக்கறை பட்டால் எனக்கு வெட்கம். பெற்றவள் சுத்தமாக, தலை வாரி, பொட்டு வைத்துப் படுத்திருக்க வேண்டும். பார்ப்பவர்கள், "பிள்ள பெத்தவ மாதிரியே இல்லியே" என்று சொல்ல வேண்டும். சொன்னார்கள்.

அதற்காக நான் ஒரு காரியம் செய்தேன். வீட்டிலிருந்து உன் அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்துக் கொண்டுபோயிருந்தேன். அமுதாவுக்கு வைத்த துணி நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைப்பேன். நனைந்ததைச் சுருட்டி பிளாஸ்டிக் கவரில் போட்டு, வார்டு கடைசியில் இருந்த பாத்ரூமுக்குக் கொண்டுபோய்க் குழாயில் கசக்கிப் பிழிந்து, அங்கிருந்த கொடியில் போட்டுவிடுவேன். அடுத்த ஆள் வருவதற்குள் திரும்பி வந்துவிடுவேன். காலை டியூட்டி நர்ஸ், சின்னப் பெண், இரண்டு தடவை வந்து கேட்டாள். "ப்ளீடிங் ஜாஸ்தியா போவுதாம்மா?" நான், "இல்ல சிஸ்டர், அளவாத்தான் கீது" என்றேன். அவள் போர்வையைத் தூக்கியும் பார்த்தாள். அப்போதுதான் மாற்றிய துணி, அதில் என்ன தெரியும்? சின்னதாக ஒரு கறை. சரி என்று குறித்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. அவள் பார்க்க வேண்டியதை நான் துவைத்துவிட்டேன்.

எனக்கே கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. இவ்வளவு போகிறதே என்று ஒரு தடவை நினைத்தேன். உடனே எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்: கெட்ட ரத்தம், போகட்டும், போனால்தான் உடம்புக்கு நல்லது. நல்ல நேரம் பார்க்கமாட்டோம், திருஷ்டி சுற்றமாட்டோம், எல்லாவற்றையும் கேள்வி கேட்போம் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளும் குடும்பம் இது. கெட்ட ரத்தம் என்று ஒன்று உண்டா என்று மட்டும் நான் யாரையும் கேட்டதில்லை. வைசாகப் பௌர்ணமிக்கு, புத்தரைப் பெற்ற மாயாதேவி மரக்கிளையைப் பிடித்து நிற்கும் படத்துக்கு வருஷா வருஷம் பூப் போடுகிறேன். பிள்ளை பெற்ற ஏழாம் நாள் அந்த அம்மா போய்ச் சேர்ந்தாள் என்றும் படித்திருக்கிறேன். பெற்றவள் ஏன் செத்தாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. உன் அப்பா தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட் வாயில் நின்று கேஜில் இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் எண்ணிய மனிதர். ஒரு தலை குறைந்தால் வீட்டுக்கு வரமாட்டார். அவர் வேட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு போன நான் எத்தனை துணி மாற்றினேன் என்றுகூட எண்ணவில்லை.

ஒரு மணி வாக்கில் அமுதா, "ம்மா, தண்ணி குடு, நாக்கு ஒட்டுது" என்றாள். பச்சை உடம்புக்காரிக்கு அதிகம் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று இரண்டு மடக்கு மட்டும் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில், "ம்மா, காது அடைக்குது. நீ எங்கியோ தூரமா நின்னு பேசற மாதிரி கீது" என்றாள். "ராத்திரி பூரா தூங்கல இல்ல, அதான். தூங்கு" என்றேன். கொட்டாவியாக விட்டாள். கை சில்லென்று இருந்தது. போர்வையை இழுத்து மூடினேன். மூடினேனே தவிர, கூப்பிடவில்லை. இரண்டு மணிக்கு டியூட்டி மாறி ரோஸ்லின் சிஸ்டர் வந்தார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக அமுதாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், போர்வையை முழுசாக எடுத்தார், அடிவயிற்றில் கை வைத்து அழுத்தினார். வயிறு பிசைந்த மாவு மாதிரி கொழகொழவென்று கிடந்தது. அழுத்தியதும் கட்டி கட்டியாக வந்தது பெரியவனே. கட்டிலிலிருந்து தரையில் கொட்டியது. சிஸ்டர் கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். ஊசி மேல் ஊசி, ஆம்புலன்ஸ், கோலார் பெரிய ஆஸ்பத்திரி. சிஸ்டர் வண்டியிலும் அமுதாவின் வயிற்றை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். நீ வேலையிலிருந்து ஓடி வந்தாய், உன்னோடு தினமும் ரயிலில் போகிற நாலு பேரும் வந்து வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். உயிர் நின்றது, கர்ப்பப்பை போனது. இருபத்தைந்து வயசில். வராந்தாவில் நீ என் தோளைப் பிடித்து, "எப்பிடிம்மா இப்பிடி ஆச்சு?" என்று கேட்டாய். அப்போதே சொல்லியிருக்கலாம். காலையில் எந்த வார்த்தையை விழுங்கினேனோ, அதையே எடுத்து உன் முன்னால் போட்டேன். "வாக்கும் வெச்சாங்கடா" என்றேன். நீ நம்பினாய். மாப்பிள்ளை நம்பினார். அமுதா கண் விழித்ததும் அவளிடமும் அதையே சொன்னேன். பிறகு சொல்லிச் சொல்லி நானே பாதி நம்பிவிட்டேன்.

உன் கேள்விக்கு என் வாயால் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று தெரிந்துதான் திங்கட்கிழமை ஆண்டர்சன்பேட்டையில் ரோஸ்லின் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். இப்போது வேலையை விட்டுவிட்டார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. "வாங்கம்மா, பொண்ணு எப்பிடி கீது?" என்றார். நான் உன் கேள்வியை அப்படியே கேட்டேன், எதில் ரத்தம் அதிகம் போகும், நார்மலிலா, ஆபரேஷனிலா என்று. அவர் சிரிக்கவில்லை. "பொதுவா பாத்தா ஆபரேஷன்லதான்ம்மா ஜாஸ்தி போவும். வயித்தையும் கர்ப்பப்பையையும் வெட்டித்தானே எடுக்கறாங்க? முன்னாடியே நாள் குறிச்சு பண்றதுல கொஞ்சம் பரவால்ல. ரொம்ப நேரம் வலியில கெடந்து, முடியாம கடைசில அவசரமா பண்றாங்க பாருங்க, அதுல இன்னும் ஜாஸ்தி. நார்மல்ல கம்மி. ஆனா நார்மல்லயும் ரொம்ப நேரம் வலி, பெரிய கொழந்த, ரெட்டப் புள்ள, வாக்கும், ஆயுதம்னா பயம் கீது. ஒண்ணுமே இல்லாத பொண்ணுக்கும் சில நேரம் வரும். கர்ப்பப்ப சுருங்கணும்மா. சுருங்கலன்னா எந்த வழியா பெத்தாலும் ரத்தம் நிக்காது" என்றார். இன்னொன்றும் சொன்னார். காரணம் இல்லாமல் முதல் பிள்ளைக்கே வெட்டினால், அடுத்த பிள்ளைக்கு நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின் மேலேயே ஒட்டிக்கொள்ள வாய்ப்பு கூடுமாம். அப்படி ஒட்டினால் அதைப் பிரிக்கும்போது போகிற ரத்தம் இதைவிட மோசமாம். காரணம் இருந்து டாக்டர் சொன்னால் யோசிக்காமல் பண்ணிக்கொள்ள வேண்டும், பயத்துக்காகப் பண்ணக்கூடாது என்றார்.

நான் எழுந்திருக்கும்போது மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு பாத்ரூம் கொடில அவ்ளோ துணி காயறத பாத்தேன்ம்மா. நீங்க தொவச்சிட்டீங்கன்னு புரிஞ்சிச்சு. உங்க பொண்ணுக்கு அப்ப ஒரு அம்மா வோணும்னு வாய மூடிக்கினேன். சொல்லிட்டீங்களா அவகிட்ட?" நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர், யாராவது தவறிட்டாங்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இப்போது ரம்யா விஷயம். வியாழக்கிழமை டாக்டரிடம் நீயே கேள்: இவளுக்கு ஆபரேஷன் தேவையா, ஏன்? தேவை என்றால் பண்ணட்டும், தேவை இல்லை என்றால் அவளுக்குப் பயம் தெளிகிற மாதிரி டாக்டரே உட்கார்ந்து சொல்லட்டும். அவள் ரத்தம் நெகட்டிவ் குரூப். சும்மா கேட்டதும் கிடைக்கிற ரத்தம் இல்லை அது. அதே குரூப்பில் ஆட்கள் யார் யார் என்று இப்போதே தேடிப் பேசி வை. பிள்ளை வெளியே வந்ததும் கர்ப்பப்பை சுருங்க ஊசி போடுவார்களா என்று கேள், வெட்கப்படாதே. வளையல் போட்ட அன்று அவள் இமையைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. இரும்பு மாத்திரை வயிற்றைக் கட்டுகிறது என்று அவள் அதைத் தலையணைக்கடியில் வைப்பது எனக்குத் தெரியும், நானும் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தேன். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரிடம் சொன்னால் வேறு கொடுப்பார்கள், ஊசியும் உண்டு. ரத்தம் குறைந்த உடம்பு கொஞ்சம் போனாலும் தாங்காது.

இன்னொன்று, முதல் பிள்ளை தாய்வீட்டில்தான் என்று அவள் அப்பா அம்மா இங்கே பக்கத்தில் கோரமண்டலில் தனி அறையே வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். அனுப்பாதே. ரத்தம் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கிடைக்கிற ஆஸ்பத்திரியில்தான் அவள் பெற வேண்டும். இங்கிருந்து ஆம்புலன்ஸில் போன அந்தத் தூரம் எனக்குத் தெரியும். பெற்ற பிறகு வரட்டும், நாலு மாதம் இருக்கட்டும். சம்பந்தி கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல். நான் கெட்டவளாக இருந்துவிட்டுப் போகிறேன், பழகிவிட்டது.

இதுவரை எழுதிவிட்டு நேற்று பேனாவை மூடினேன். மூடும்போதுதான் தோன்றியது, இதை நீ படித்து, உன் வாய் வழியாக அமுதாவுக்குப் போய்ச் சேர்ந்தால் அது இன்னொரு திருட்டுத்தனம். அதனால் இன்று மத்தியானம் நந்திதுர்க்கில் அவள் வீட்டுக்குப் போனேன். பாப்பா ஸ்கூலிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அமுதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, உனக்கு எழுதியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். துணி மாற்றியது, துவைத்தது, நர்ஸிடம் அளவாகத்தான் போகிறது என்று சொன்னது, தண்ணீர் கொடுக்காதது, எல்லாம். அவள் கை நிற்கவில்லை. கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்தாள். தண்டுகளையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"எத்தினி துணி?"

"எண்ணலம்மா."

"எண்ணாம எப்பிடிம்மா தொவச்சே?"

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "நாலு வருஷமா என் ஒடம்பத்தான் கொற சொல்லிக்கினு இருந்தேன். தள்ளத் தெம்பு இல்லாத ஒடம்பு, அதான் வாக்கும் வெச்சாங்க, அதான் போச்சுன்னு. ராத்திரி அவர்கிட்ட மன்னிப்புகூட கேட்டுகிறேன், தெரியுமா ஒனக்கு? ரெண்டாவது புள்ள குடுக்க முடியலியேன்னு." சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் காலைத் தொடப் போனேன், இழுத்துக்கொண்டாள். "இப்ப வேணாம்மா" என்றாள்.

பிறகு என் முன்னாலேயே போனை எடுத்து ரம்யாவைக் கூப்பிட்டாள். இந்நேரம் ரம்யா உன்னிடம் சொல்லியிருப்பாள், ஆனாலும் நான் கேட்டதை எழுதுகிறேன். "அண்ணி, அன்னிக்கு நான் சொன்னத விட்டுடுங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான், அது முழுசு இல்ல. டாக்டர் நார்மல்னா நார்மல், ஆபரேஷன்னா ஆபரேஷன். எதுவா இருந்தாலும் வெச்ச ஒவ்வொரு துணியும், பேடும் சிஸ்டர் கண்ணால பாக்கணும். தல சுத்துது, காது அடைக்குதுன்னா கத்துங்க, யாரு இன்னா நெனச்சாலும் கத்துங்க." கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னொண்ணு அண்ணி. எங்கம்மாவ பக்கத்துல உக்கார வெக்காதீங்க."

நான் அங்கேயே உட்கார்ந்து அதைக் கேட்டேன். அவள் சொன்னது சரி. உன் பிள்ளையை முதலில் கையில் வாங்க வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையை நீ அறிவாய், இருந்தும் சொல்கிறேன், அவள் சொன்னது சரி. லீவு போட்டு ரம்யா பக்கத்தில் நீ உட்கார். ஆம்பிளை எப்படி அங்கே என்று யாராவது கேட்டால், என் அம்மா எழுதியிருக்கிறாள் என்று சொல். முதல் நாள் முழுவதும் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதே. என்னை மறுநாள் கூப்பிடு, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு. அதுவரை நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நிற்கிறேன்.

அம்மா